மண்மேட்டுக்குப் பின்னால் போகும் தண்டவாளம்

ஜனவரி 9

அண்ணி,

முதலில் ‘கத்திரி’ என்றுதான் எழுதினேன். அப்புறம், நீ என் அண்ணனைக் கட்டிக்கொண்டவள் ஆயிற்றே, கோபமாக வேறு இருக்கிறாயே என்று அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். நம் ரோலர் கோஸ்டர் ரசிகர் சங்கத்தில் எல்லோரும் உன்னை இன்னும் கத்திரி என்றுதான் சொல்கிறார்கள். தையல் கம்பெனியில் துணி வெட்டுகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? பல் செட்டுக்குக் கம்பி வளைக்கிற என்னைக் ‘கம்பி’ என்று கூப்பிடவில்லையா?

என் நம்பரை நீ முடக்கி வைத்திருக்கிறாய். அண்ணனைக் கேட்டால், “உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் வரல, ஆளை விடு” என்கிறான். அதனால்தான் தபால்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஊரில் எழும்புகிற புது ரோலர் கோஸ்டரைப் பற்றித்தான் சங்கம் முழுக்கப் பேச்சு. சுற்றிலும் தகரம் அடித்து மறைத்திருக்கிறார்கள். வெளியே ஏணி போட்டு எட்டிப் பார்த்தவர்களுக்கு ஏற்றம் தெரிகிறது, முதல் இறக்கம் தெரிகிறது, பெரிய வளையம் தெரிகிறது. அதற்கப்புறம் தண்டவாளம் ஒரு மண்மேட்டுக்குப் பின்னால் போய் மறைந்துவிடுகிறது. அங்கே என்ன நடக்கிறது என்று ஒரு ஈ, காக்கைக்குக்கூடத் தெரியாது. பூங்காக்காரர்கள் இந்தத் தடவையும் ஊகப் போட்டி வைத்திருக்கிறார்கள். முழுப் பாதையையும் கம்பியில் வளைத்து அனுப்ப வேண்டும். யார் வளைத்தது நிஜத்துக்கு மிக நெருக்கமோ அவருக்கு முதல் நாள், முதல் வண்டி, முன்வரிசை. எனக்கு எப்போதும் இரண்டாம் இடம்தான். கை சுத்தமாக வேலை செய்கிறது, கண்ணுக்குத்தான் எதுவும் கிடைப்பதில்லை. நாள் முழுக்க அடுத்தவன் வாய்க்குள் போகிற சாமானைச் செய்கிறேன், அதில் என் பெயரா இருக்கிறது? இந்த ஒன்றிலாவது ஜெயிக்க வேண்டும்.

நேற்று அண்ணன் வாய்தவறிச் சொல்லிவிட்டான். உங்கள் புது வீட்டுச் சமையலறை ஜன்னலில் நின்றால் மண்மேட்டின் பின்பக்கம் தெரியுமாமே! “தண்ணி குடிக்கக்கூட நான் அந்தப் பக்கம் போறதில்ல, பார்த்தாலே தலை சுத்துது” என்றான். ஸ்டூலில் ஏறி பல்பு மாற்ற நடுங்குகிறவனுக்கு அப்படி ஒரு ஜன்னல். கடவுளுக்குக் கண்ணே இல்லை.

ஒரு போட்டோ அனுப்பேன். ஒன்றே ஒன்று. பழசையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதே. அது விளையாட்டாக நடந்தது.

கம்பி

ஜனவரி 17

நாத்தனாரே,

‘விளையாட்டாக நடந்தது.’ இதைப் படித்துவிட்டு அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் நின்றேன்.

உனக்கு மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். போன கோஸ்டரின் திறப்பு நாள். சங்கத்துக்கு முன்வரிசையில் ஒரே இடம். சீட்டுக் குலுக்கினார்கள், என் சீட்டு வந்தது. அடுத்த சீட்டு உன்னுடையது. நான் கேட்டைத் தாண்டப் போகும்போது நீ கேட்காரன் காதில் போய், “எங்க அண்ணி முழுகாம இருக்கா, சொல்ல வெக்கப்படுறா, ஏத்தாதீங்க” என்றாய். அவன் நல்லவன். கையைப் பிடித்து நிழலில் உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, “உடம்பைப் பாத்துக்குங்கம்மா” என்றான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது நீ என் இடத்தில் உட்கார்ந்து மேலே ஏறிக்கொண்டிருந்தாய்.

அதோடு போயிருந்தால் நானும் சிரித்திருப்பேன். சங்கத்து ஆள் ஒருவர் போய் அத்தையிடம் வாழ்த்துச் சொல்லிவிட்டார். அத்தை எவ்வளவு சந்தோஷப்பட்டார் என்று உனக்குத் தெரியும். நான் அன்று சாயங்காலம் வேறு கேட்காரனிடம் சண்டை போட்டுக் கடைசி வரிசையில் ஏறினேன் என்பதும் அவர் காதுக்குப் போயிற்று. ஒன்றுமே இல்லை அத்தை, அது பொய் என்று நான் சொன்னேன். அத்தை உன்னைக் கேட்டார். நீ என்ன சொன்னாய்? “எனக்கென்னம்மா தெரியும், அவளே என்கிட்ட சொன்னா, அதைத்தான் நான் சொன்னேன்.”

அன்றிலிருந்து உங்கள் வீட்டில் நான், ஆசைக்கு ராட்டினம் ஏறி வயிற்றுப் பிள்ளையைத் தொலைத்தவள். உன் அண்ணன் எடுத்துச் சொன்னால், பெண்டாட்டி ஆட்டிவைக்கிறபடி ஆடுகிறான் என்கிறார்கள். பிள்ளைக்காக நாங்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைகிறோம் என்பதும் உனக்குத் தெரிந்துதானே இருந்தது?

ஜன்னல் இருக்கிறது. பளிங்கு மாதிரி தெரிகிறது. உனக்கு வேண்டுமென்றால் அத்தையிடம் போய் உண்மையைச் சொல். பிறகு வா.

அண்ணி

ஜனவரி 26

அண்ணி,

நீ கேட்பது நியாயம்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. கண் வேறு மங்கலாகிவிட்டது. இந்த நேரத்தில் போய்ப் பழைய கதையைக் கிளறினால் ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிடும். கொஞ்சம் பொறு. அதற்குள் ஒரு சின்ன விஷயம் மட்டும் சொல். மேட்டுக்குப் பின்னால் போகிற தண்டவாளம் வலப்பக்கம் குளத்தை நோக்கிப் போகிறதுதானே? குளத்தங்கரையில் அஸ்திவாரக் குழி தோண்டியிருக்கிறார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆமாம், இல்லை, அவ்வளவு போதும்.

கம்பி

பிப்ரவரி 4

நாத்தனாரே,

இன்று காலை நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

ஒரு நீள லாரியில் தண்டவாளத் துண்டு வந்தது. பிளாஸ்டிக் தாள் சுற்றியிருந்தார்கள். காற்றில் தாள் கிழிந்து பறக்க, உள்ளே ஊதா நிறம். கண்ணைப் பறிக்கிற ஊதா. நான்கு பேர் இடுப்பில் வார் கட்டித் தூண் உச்சியில் காத்திருந்தார்கள். கிரேன் துண்டைத் தூக்கியது. சும்மா நேர்த் துண்டு இல்லை. தூக்கும்போதே அது தன்னைத்தானே ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்து, நுனியில்...

சாதம் குழைந்துவிட்டது, போய் இறக்க வேண்டும். நுனி எந்தப் பக்கம் வளைந்திருந்தது என்று தெரிய வேண்டுமா? அத்தையிடம் சொல்லிவிட்டுக் கேள்.

அண்ணி

பிப்ரவரி 15

அண்ணி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. படுபாவி, நுனியில் கொண்டுவந்து நிறுத்துகிறாயே!

சரி. சொல்லிவிட்டேன். நேற்று மத்தியானம் அம்மா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, “அன்னிக்கி கேட்ல நான்தான் பொய் சொன்னேம்மா, அவ என்கிட்ட எதுவும் சொல்லல” என்றேன். அம்மா மடித்து வைத்த துணியையே எடுத்து மறுபடி மடித்தாள். பிறகு, “நான் அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்” என்றாள். நீயாக இதைப் பற்றி அவளிடம் பேச்செடுக்காதே. கூசிப் போவாள். நாளாக நாளாகத் தானே சரியாகும்.

என் பக்கம் முடிந்தது. இனி உன் பக்கம்.

கம்பி

பிப்ரவரி 27

கம்பி,

மடித்த துணியை மறுபடி மடித்தார் என்று எழுதியிருந்தாயே, அங்கே அழுதுவிட்டேன். உன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். அந்த வரியை மறுபடி படிக்கச் சொன்னார்.

நீ சொன்னபடி நான் அத்தையிடம் எதுவும் கேட்க மாட்டேன். அடுத்த வாரம் கண் ஆபரேஷனுக்கு அவர் இங்கேதானே வருகிறார்? அவராக ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லாவிட்டாலும் சரி, ஒரு பார்வை போதும்.

போட்டோ வேண்டாம். போட்டோ அனுப்பினால் நீ ஊரெல்லாம் காட்டிப் பீற்றிக்கொள்வாய், உன்னை எனக்குத் தெரியாதா? துணி வெட்டுகிற தாளில் வரைந்து அனுப்புகிறேன். இதோடு முதல் படம் இருக்கிறது. வளையம் முடிந்து மண்மேட்டுக்குப் பின்னால் இறங்கி, ஒரு சின்னக் குன்று ஏறுகிற வரைக்கும். குன்றுக்கு அந்தப் பக்கம் இன்னும் தூண்தான் நிற்கிறது, தண்டவாளம் வரவில்லை. வந்ததும் வரைகிறேன். இந்தக் குன்றின் உச்சியில் சீட்டை விட்டு உடம்பு எழும்பும் பார், அப்படி ஒரு வளைவு. பார்த்துக்கொண்டே இருந்ததில் நேற்று வேலைக்குத் தாமதமாகிவிட்டது.

கத்திரி

மார்ச் 6

கத்திரி, என் தங்கமே,

படம் கிடைத்தது. கோடா அது! உன் கைக்குத் தங்கக் காப்பு போட வேண்டும். அப்படியே கம்பியில் வளைத்துவிட்டேன். சங்கத்தில் ஒருவனுக்கும் மூச்சு விடவில்லை. எல்லோரும் மேட்டுக்குப் பின்னால் சமதளம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், மடையர்கள்.

மாதக் கடைசியில் போட்டிக்கு அனுப்ப வேண்டும். குன்றுக்கு அப்புறம் உள்ள துண்டை மட்டும் சீக்கிரம் வரைந்து அனுப்பு. அம்மா உங்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டாள். பழசு எதையும் கிளறாதே, சொல்லிவிட்டேன்.

கம்பி

மார்ச் 20

நாத்தனாரே,

அத்தை வந்த அன்று நான் சமையலறை ஜன்னலில் நின்றிருந்தேன். பையைக் கீழே வைக்கவில்லை, ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை, பின்னால் நின்று சொன்னார்: “இன்னும் அந்த ராட்டினத்தையே பார்த்துட்டு நிக்கிறியா? ஒரு உசிரை அதுக்குக் குடுத்தது போதாதா உனக்கு?”

துணி மடித்தாராம்! எப்படியடி உனக்கு அவ்வளவு அழகாக வருகிறது பொய்?

நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று ஏற்கனவே பார்த்தவள்தானே. தோசையைத் தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அன்றைக்கே உனக்கு எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை, எடுத்து வைத்துவிட்டேன். இப்போது உன்னை நான் சும்மா விட மாட்டேன் என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது.

கடைசித் துண்டும் ஏற்றிவிட்டார்கள். கொடுத்த வாக்கு வாக்குதான், இதோ படம். குன்றிலிருந்து இறங்குகிற தண்டவாளம் குளத்துப் பக்கம் போகவில்லை. இடப்பக்கம் சட்டென்று திரும்பி, வந்த வழியே பாய்ந்து, அந்தப் பெரிய வளையத்தின் நடுவில் நுழைந்து வெளியேறுகிறது.

நம்பினால் நம்பு. நம்பாவிட்டால் போ.

அத்தைக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

அண்ணி

மார்ச் 28

அண்ணி,

எனக்கா காது குத்துகிறாய்? அது எப்போதோ குத்தியாகிவிட்டது.

அம்மாவிடம் சொல்லவில்லை, உண்மைதான். சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் வாய் வரைக்கும் வந்தது, முழுங்கிவிட்டேன். அவள் என்னை என்னவென்று நினைப்பாள்? உனக்கென்ன, நீ வேறு வீட்டுப் பெண், புருஷன் உன் பக்கம் இருக்கிறான். எனக்கு அம்மாவை விட்டால் யார்?

அதற்காக இப்படியா பழிவாங்குவாய்? ‘சும்மா விட மாட்டேன்’ என்று எழுதிவிட்டு, அதே கையால் படமும் அனுப்புகிறாய். நான் என்ன பச்சைக் குழந்தையா? வளையத்துக்கு நடுவில் நுழைகிறதாம்! உலகத்தில் எவனாவது அப்படிக் கட்டுவானா? வளையத்தில் ஒரு வண்டி ஓடும்போது நடுவில் இன்னொன்று போனால் பார்க்கிறவன் நெஞ்சு நின்றுவிடாதா? இன்னும் கொஞ்சம் நம்புகிற மாதிரி பொய் சொல்லப் பழகு.

இடம் என்கிறாய், அப்படியென்றால் வலம். குளத்தங்கரைக் குழி பொய் சொல்லாது. வலப்பக்கமே வளைத்து, பெட்டியில் பஞ்சு வைத்துக் கட்டி, இன்று காலை அனுப்பிவிட்டேன். முன்வரிசையில் உட்கார்ந்து உன் ஜன்னலைப் பார்த்துக் கையாட்டுகிறேன், காத்திரு.

கம்பி

மே 11

ஏய்,

திருப்தியா?

முடிவு வந்துவிட்டது. இடம்! வளையத்துக்கு நடுவில்! குளத்தங்கரைக் குழி கழிவுநீர்க் குழாய்க்காம்! எனக்கு மறுபடி இரண்டாம் இடம். ஜெயித்தது யார் தெரியுமா, சங்கத்து மருந்துக்கடைக்காரர். ‘கிறுக்குத்தனமாக ஏதாவது செய்வோமே’ என்று வளைத்தாராம். என் மாதிரியை எல்லோர் முன்னாலும் மேசையில் வைத்து, “குன்று வரைக்கும் இம்மி பிசகல, ஆச்சரியம். அப்புறம் ஏன் இப்படிப் போச்சு?” என்று பூங்கா இன்ஜினியர் கேட்டார். மாதிரியை எடுத்துப் பெட்டிக்குள் திணித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் நம்ப மாட்டேன் என்று தெரிந்துதானே அப்படி எழுதினாய்? உண்மையை இப்படியா சொல்வார்கள்? நீ நாசமாய்ப் போக. நீ என்ன செய்தாய் என்று சங்கத்தில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

கம்பி

மே 19

நாத்தனாரே,

உன் அம்மாவிடம் நீ என்ன சொன்னாய் என்று எனக்கும் தெரியும். அவர் போனைச் சத்தமாக வைத்துத்தான் பேசுவார். நான் அப்போது அவர் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டிருந்தேன்.

நீ சொன்ன வார்த்தை இது: “உன் மருமக வேணும்னே வலப்பக்கம்னு வரஞ்சு அனுப்பி என்னை ஏமாத்திட்டாம்மா.”

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். கட்டு அவிழ்த்து, கண் தெளிந்ததும் அத்தைக்குப் பொழுது போகவில்லை. திட்டிக்கொண்டேதான் அந்த ஜன்னலுக்கு வந்தார். முதல் நாள் ‘இந்தப் பீடையை ஏன் கட்டுறாங்களோ’ என்றார். மறுநாள் ‘அந்த மஞ்சத் தொப்பிக்காரன் இன்னிக்கி ஏன் வரல’ என்றார். அடுத்த நாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் கடைசிப் படத்தை வரையும்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். என் கோடு கொஞ்சம் பிசகியபோது, “அது இடப்பக்கம்ல போகுது? வளையத்துக்குள்ள நுழையுது பாரு. எம் பொண்ணுக்குத்தானே போடுற, ஒழுங்காப் போடு. புள்ள தோத்துடப் போறா” என்று திருத்தினார். நீ ஜெயிக்க வேண்டும் என்று உன் அம்மாதான் அந்தக் கோட்டைச் சரி செய்தார்.

இப்போது நீ போனில் கத்தியதும் அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: “வலப்பக்கம்னா வரஞ்சா?” ஆமாம் என்றாய். “நான் பக்கத்துலயே இருந்தேன்டி” என்றார். “அப்போ, அன்னிக்கி அவளே உன்கிட்ட சொன்னான்னு சொன்னியே, அது?” நீ போனை வைத்துவிட்டாய். வைத்தாயே, அதுதான் பதில். நான் வாயே திறக்கவில்லை.

நீ சத்தம் போடாமல் தோற்றிருந்தால் அத்தைக்கு எதுவுமே தெரிந்திருக்காது. உன்னால் அது முடியாது என்று எனக்குத் தெரியும். அவர் பக்கத்தில் இருந்ததை நான் எழுதாமல் விட்டது மறதியால் இல்லை. உன்னை நம்பி அழுதேனே, அதற்கு.

அத்தை ரொம்ப நேரம் கழித்துச் சமையலறைக்கு வந்து, “தெரியாம என்னென்னவோ பேசிட்டேன்” என்றார். அவருக்கு அழுகை வந்தது. ‘பரவாயில்லை அத்தை’ என்று சொல்வார்கள் இல்லையா, நான் சொல்லவில்லை. எனக்குப் பரவாயில்லையாக இல்லை.

அண்ணி

ஜூன் 8

அண்ணி,

அம்மா இன்னும் என் போனை எடுக்கவில்லை. ஊருக்குத் திரும்புவதாகவும் தெரியவில்லை. வீடு வெறிச்சென்று இருக்கிறது. ஒருத்திக்கு உலை வைக்கப் பிடிக்காமல் வெளியில் சாப்பிடுகிறேன். சங்கத்திலும் முன்னைப் போல யாரும் பேசுவதில்லை. நான் தப்பு செய்யவில்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீ செய்தது மட்டும் நியாயமா என்று யாராவது கேட்க வேண்டாமா?

போகட்டும். மருந்துக்கடைக்காரரின் மனைவி பயந்து ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாராமே. சங்கத்தில் உள்ளூர்க்காரி நீதான் என்று பக்கத்து இடத்தை உனக்குக் கொடுத்தாராமே. முதல் வண்டி, முன்வரிசை. நான் திறப்பு நாளுக்கு வரவில்லை. வந்து கூட்டத்தில் நின்று உன்னை அண்ணாந்து பார்க்க என்னால் முடிந்திருக்காது.

ஒன்று மட்டும் கேட்கிறேன், அதற்காகத்தான் இந்தக் கடிதம். சண்டையெல்லாம் அப்படியே இருக்கட்டும், நீ என்னை மன்னிக்கவும் வேண்டாம். குன்றிலிருந்து இறங்கி வளையத்துக்குள் நுழைகிற அந்த இடம், முன்வரிசையில் எப்படி இருந்தது? நானும் அதற்காகத்தான் உயிரை விட்டேன். சங்கத்தில் ஒருவனுக்கும் சொல்லத் தெரியவில்லை, ‘சூப்பர்’ என்கிறார்கள். உனக்குச் சொல்லத் தெரியும். எனக்கு உன்னைத் தவிர கேட்கவும் ஆள் இல்லை.

கம்பி

ஜூன் 16

நாத்தனாரே,

ஆமாம், முன்வரிசை. அத்தையும் வந்திருந்தார். நான் ஏறி இறங்கும் வரைக்கும் கேட்டுக்குப் பக்கத்தில் என் செருப்பையும் கைப்பையையும் பிடித்துக்கொண்டு நின்றார். நான்தான் கையில் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை.

உன் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு நின்றாராம். வண்டி நின்றதும் நான் இருக்கிறேனா என்று அத்தையிடம்தான் கேட்டாராம்.

எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறாய். வந்த அன்றே உட்கார்ந்து அதை முழுதாக எழுதினேன், கம்பி. குன்றின் உச்சியிலிருந்து வளையத்துக்குள் நுழைகிற வரைக்கும், ஒன்று விடாமல். உனக்குப் புரிகிற மாதிரி என்னைத் தவிர வேறு யாராலும் அதை எழுத முடியாது. நன்றாக வந்திருந்தது.

அடுப்பில் போட்டுவிட்டேன்.

அண்ணி